இத்தா அறையின் காற்றாடி

அந்தக் காற்றாடியை நான் முதன்முதல் கண்டது ஒரு கோழிக்கூட்டில். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் உண்மை. கல்முனை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்து இறந்துபோன ஒரு கிறிஸ்தவ ஐயாவின் வீட்டம்மா, கிணற்றுக் கைப்பம்பு தண்ணீர் இழுக்கவில்லை என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். பம்பில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளே தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். வாசரை எண்ணெயில் ஊறப் போட்டுவிட்டுப் பின்வளவில் நின்றபோது, கோழிக்கூட்டின் பக்கத்தில் சதுரமான ஓர் இரும்புச் சட்டம் செருகியிருப்பது கண்ணில் பட்டது. சட்டத்துக்குள் நாலு இதழ். நடுவில் கறள் பிடித்த மோட்டார். மோட்டாரின் மேல் ஒரு கோழி உட்கார்ந்து, இவன் யார் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க என்பதுபோல என்னை முறைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் சாய்ந்தமருதில் ஒரு நெல் மில்லில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் எது உடைந்தாலும், எது ஓடாமல் நின்றாலும் இஞ்சின்காரனைக் கூப்பிடு என்பார்கள். எனக்கு அதில் தலைக்கனம் உண்டு. கை வைத்தால் ஓடவைக்காமல் விடமாட்டேன். கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் நிற்கும்.

வீட்டம்மாவிடம் கேட்டேன். அது யன்னலில் பூட்டுகிற கரண்டுக் காற்றாடி என்றும், ஐயா திருகோணமலையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கப்பல்காரரிடம் பழசாகவே வாங்கியது என்றும் சொன்னார். இங்கே மாறி வந்த பிறகு வீட்டில் கரண்டு இல்லை, ஒருநாளும் ஓடவில்லை. ஐயா போன பிறகு, மரநாய் நுழையாமல் இருக்க நல்ல இரும்பாக இருக்கிறதே என்று கூட்டில் செருகிவிட்டாராம். எனக்கு வேண்டும் என்றேன். எதுக்கு என்று கேட்டார். என் தங்கச்சி இத்தாவில் இருக்கிறாள், யன்னல் எல்லாம் அடைத்த அறைக்குள் வயிற்றுப் பிள்ளையோடு வேகிறாள் என்றேன். எங்கள் முஸ்லிம் ஆட்களோடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர், இத்தா என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் கையாலேயே அந்தக் கோழியைத் தூக்கி அப்பால் விட்டார். கொண்டுபோங்க தம்பி, கூட்டுக்கு நான் பலகை அடிச்சிக்கொள்றன் என்றார். ஒரு சதமும் வாங்கவில்லை.

தங்கச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். அவளுக்கு நான் காக்கா, ஒன்பது வயது மூத்த அண்ணன். வாப்பா நேரத்தோடு மவுத்தாகிவிட்டதால் அவளை நான்தான் கட்டிக்கொடுத்தேன். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்ததும் பெரிய வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுத் தாய் பின்வளவில் ஒரு குடிசை போட்டுக்கொள்வார். உம்மாவும் அப்படித்தான், குசினிக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசையில் இருந்தார். நான் என் மனைவியின் வீட்டில். ஆனாலும் மில்லும் தங்கச்சி வீடும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இஞ்சின் கூடத்தில் நின்று கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கும்.

அவள் புருஷன், என் மச்சான், நல்ல மனிசன். வயல் செய்தவர், சிரிப்பை மறைக்கத் தெரியாதவர். அந்த வருஷம் வெட்டுக் காலத்தில் கதிருக்குள் கிடந்த பாம்பு கொத்தி, விஷவைத்தியரிடம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டார். கலியாணம் முடித்து இரண்டு வருஷம்தான். தங்கச்சிக்கு அப்போது மூன்று மாதம். அவருடைய உடம்பைக் கிடத்தியிருந்தபோது அவள் அழாமல் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இது இரிக்கிதானே காக்கா, இது இரிக்கிதானே என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓம் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பிள்ளை ஒன்றுதான் கதை. மச்சானில் மிஞ்சியது அது மட்டும்தான்.

புருஷன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை. வெள்ளைச் சீலை உடுத்து ஓர் அறைக்குள் இருக்க வேண்டும். அந்நிய ஆம்பிளையின் கண்ணில் படக்கூடாது. அவள் குரலும் வெளியே போகக்கூடாது என்பது எங்கள் பெண்களின் கட்டுப்பாடு. உம்மாவும் உம்மாவின் தங்கை சாச்சியும் சேர்ந்து அந்த அறையின் ஒற்றை யன்னலைப் பலகை அடித்து மூடி, நீக்கலுக்குள் எல்லாம் பழைய சீலைத்துண்டு வைத்து அடைத்துவிட்டார்கள். பங்குனியில் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனி பிறந்து கச்சான் வீசத் தொடங்கியதும் அறை அடுப்பாகிவிட்டது. கச்சான் எங்களுக்குத் தெரிந்த காற்று. மேற்கே இருந்து வந்து, கிணற்றையும் மனிசரையும் ஒன்றாக வற்றவைக்கும். ஏழாம் மாதத்தில் இரண்டு தரம் தங்கச்சி மயங்கி விழுந்தாள். மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, புள்ளைக்குக் காத்து வேணும், இல்லாட்டி ரெண்டையும் இழப்பீங்க என்று உம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அந்தக் காற்றாடி எனக்குக் கோழிக்கூட்டில் கிடைத்த புதையல்.

மில்லுக்குக் கொண்டுவந்து சாக்கில் வைத்துப் பிரித்தேன். கோழி எச்சம் கல்லாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்தும் ஓர் ஆணிகூட அசையவில்லை. ஊதுலாம்பால் சுட்டுச் சுட்டுக் கழற்றினேன். வயரின் உறை கை பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஆனால் சுருள் கருகவில்லை, அதுதான் என் அதிர்ஷ்டம். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கரித்துண்டு இரண்டும் தேய்ந்து போயிருந்தன. பழைய பட்டரிக்குள் இருந்த கரியை உடைத்து, அரத்தால் ராவி அளவாக்கினேன். அச்சுத் தாங்குகிற புஷ் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. கல்முனையில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் பித்தளைத்துண்டு ஒன்றைக் கொடுத்துப் புதுசு கடைந்தெடுத்தேன். மில் இஞ்சினோடு ஒரு டைனமோ இருந்தது, அதில்தான் மில்லுக்கு வெளிச்சம். முதலாளியிடம் கேட்டேன், இழுத்துக்கொள் என்றார். வேலியால் வயர் போட்டேன். டைனமோவின் கரண்டு அந்தக் கிழட்டு மோட்டாருக்குக் கொஞ்சம் கூட, அதனால் நடுவில் ஒரு பல்பைப் போட்டுச் சமாளித்தேன்.

இவ்வளவும் செய்தது பெரிதில்லை. உம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிது. யன்னலைத் திறக்கிறதா, ஊர் என்ன சொல்லும், மையித்தின் மண் காயவில்லையே என்றார். சாச்சி இன்னும் ஒருபடி மேலே போய், காற்றாடி வைத்து மாளிகை கட்டியா இத்தா இருப்பது என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், செத்தால் கபுறுக்குள்ள யன்னல் இல்லைதானே, அதுவரைக்கும் பொறுங்களேன் என்று கத்திவிட்டேன். உம்மாவோடு நான் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தரம். கடைசியில் பள்ளிவாசலில் தொழவைக்கும் லெப்பையிடம் போய்க் கேட்டு வந்தேன். காற்று வருவதற்குத் தடை இல்லை, ஆள் தெரியாமல், குரல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

யன்னலின் அளவுக்குச் சட்டத்தைப் பொருத்தி, சுற்றி மிச்ச இடத்தைப் பலகையால் மூடினேன். இதழ் சுற்றும்போது வெளியே இருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. உள்பக்கம் அவளுடைய சீலைத் தலைப்பு சிக்காமல் இருக்கக் கம்பி வளைத்து நெருக்கமான வலை ஒன்று பின்னி இறுக்கினேன். கரண்டு அவள் கைக்குக் கிட்ட இருக்கக்கூடாது என்று சுவிச்சை வெளிச்சுவரில் வைத்தேன். எல்லாம் அவள் நல்லாயிருக்க வேண்டும் என்று செய்தவை.

இஞ்சினைக் கிளப்பிச் சுவிச்சைப் போட்டேன். காற்றாடி இரண்டு தரம் முக்கியது, மறுகா சுழன்று கிறுகத் தொடங்கியது. உள்ளே இருந்து தங்கச்சி, காக்கா, காத்து வருகுது காக்கா என்றாள். அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். ஓர் இதழ் வளைந்திருந்தது, நான் நிமிர்த்தியது போதவில்லை. கடகடவென்று சட்டமே அதிர்ந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மெக்கானிக்கின் கையில் இருந்து போகிற இயந்திரம் இப்படிக் கத்தக்கூடாது. இரண்டு நாள் தாருங்கள், கழற்றி இதழைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய முகம் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தெளிந்தது.

"சத்தம் இரிக்கட்டும் மனே. புள்ளட குரல் வெளிய போகாது. அல்லாஹ்வே பாத்துத் தந்திரிக்கான்."

நானும் சரி என்றுவிட்டேன். அரைநாள் வேலை அது. நெல் வந்து குவிந்திருந்த நேரம், விட்டது தொல்லை என்றும் இருந்தது. இதை நான் மறைக்கப்போவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல நல்லாகவே போனது. தங்கச்சி சோறு தின்னத் தொடங்கினாள். பகலில் நித்திரை கொண்டாள். மத்தியானம் நான் உள்ளே போய்ப் பார்த்தால், காற்றுக்கு முன்னால் பாயில் சாய்ந்து, தலைமயிரை விரித்துவிட்டுக் காயப்போட்டபடி இருப்பாள். வயிற்றுக்குள் பிள்ளை புரளுகிறது, மச்சானைப் போலவே ஓரிடத்தில் இருக்கமாட்டானாம் என்று சொல்லிச் சிரித்தாள். ஆம்பிளைப் பிள்ளைதான் என்று அவள் முடிவே பண்ணியிருந்தாள். உம்மாவும் குசினியில் நின்றபடி அந்தக் கடகடச் சத்தம் கேட்கும்வரை நிம்மதியாக வேலை பார்த்தார். சத்தம் கேட்டால் பிள்ளைக்குக் காற்று வருகிறது. காற்று வந்தால் பிள்ளை நித்திரை கொள்கிறாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமைகளில் பதினொரு மணிக்கே மில்லை நிறுத்திவிடுவேன், குளித்து ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கச்சான் நெருப்பாக வீசியது. அரைக்கிற நெல் முடிந்துவிட்டது. வேலையாட்களும் போய்விட்டார்கள். நானும் நிறுத்தத்தான் போனேன். பிறகு யோசித்தேன், இந்த வெக்கையில் நிறுத்தினால் தங்கச்சி துடித்துப்போவாள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை சும்மா ஓடட்டும் என்று. அங்கேயே வாளியில் தண்ணீர் அள்ளிக் குளித்தேன். உடுப்பு மாற்றினேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்.

பாங்கு கேட்டதும் நிறுத்தினேன். இஞ்சின் அடங்கியது, வேலிக்கு அப்பால் காற்றாடியும் மெல்ல மெல்ல அடங்கி நின்றது. அப்போதுதான் அவள் குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போய், யாரோ வேறு ஆளின் குரல் மாதிரி.

"காக்கா, நிப்பாட்டுங்க. காக்கா, நிப்பாட்டுங்க."

நின்றது அவளுக்குத் தெரியவில்லை. நான் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாயிலிருந்து கதவுப் பக்கம் நகர்ந்து வரப் பார்த்து, பாதியில் கிடந்தாள். வெள்ளைச் சீலை இடுப்புக்குக் கீழே முழுக்க இரத்தம். உம்மா குசினியிலிருந்து மாக் கையோடு ஓடி வந்தார். பிள்ளை நித்திரை என்றுதானே நினைத்தேன் என்றார். அதை அன்று எத்தனை தரம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஆண்கள் எல்லோரும் பள்ளியில். ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. சைக்கிளில் போய் மருத்துவிச்சியை ஏற்றி வந்தேன். பிள்ளை பிறந்தது. அவள் சொன்னபடியே ஆண்பிள்ளை. மச்சானுடைய காது, மச்சானுடைய நெற்றி. மூச்சு இல்லை. மருத்துவிச்சி காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினார், ஊதினார், வெந்நீரில் வைத்தார். பிறகு வெளியே வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருப்பன் மகன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு நடந்தது தெரியாது. எனக்குத்தான் தெரியும், அந்த ஒரு மணித்தியாலத்தை யார் எடுத்தது என்று.

அஸர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்கு நான்தான் அவனைத் தூக்கிப்போனேன். இரண்டு கையும் தேவைப்படவில்லை, ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கினேன். மச்சானின் கபுறுக்குப் பக்கத்தில் ஒரு முழக் குழி. வந்தவர்கள் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், அந்த நாட்டத்தில் என் கையும் இருந்தது என்று கத்தியிருப்பேன்.

பிள்ளை உயிரோடு பிறந்தாலும் மவுத்தாய்ப் பிறந்தாலும் இத்தா அத்தோடு முடிந்துவிடும். அதுதான் சட்டம். சாச்சி வந்து அதை மெதுவாகச் சொன்னார், இனி நீ வெளியே வரலாம் மகள் என்று. தங்கச்சி சாச்சியைப் பார்த்தாள். யாரிடம் வாறது என்று கேட்டாள். சாச்சி அழுதுகொண்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் காற்றாடியைக் கழற்றினேன். சம்மட்டியால் அடித்து நொறுக்கிக் கடலில் வீசத்தான் கழற்றினேன். மில்லுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் வைத்தபோது, நான் பின்னிய கம்பி வலையில் மூன்று இடத்தில் குழி விழுந்திருப்பதைக் கண்டேன். ஒன்று வட்டமாக இருந்தது, தண்ணீர்ச் செம்பின் அடி. மற்ற இரண்டும் மிதியடிக் கட்டை. கிடந்த இடத்திலிருந்து கையில் அகப்பட்டதை எல்லாம் எறிந்து அதை நிறுத்தப் பார்த்திருக்கிறாள். வலை நல்ல உறுதி. ஓர் இதழில்கூட அடி படவில்லை. என் வேலை அப்படி.

சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். நொறுக்கக் கை வரவில்லை. ஒரு மெக்கானிக் தன் குற்றத்தை நொறுக்கிவிட்டுக் கை கழுவக்கூடாது என்று தோன்றியது.

பிறகு அந்த வீட்டில் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தங்கச்சி கொஞ்சம் விம்மினால் போதும், உம்மா குசினியிலிருந்து ஓடி வந்து நெஞ்சில் அடித்துக்கொள்வார். நான்தான் கொன்றேன், சத்தம் இருக்கட்டும் என்று இந்த வாயால்தானே சொன்னேன் என்று நிலத்தில் உருளுவார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உம்மாவைத் தேற்ற வேண்டும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது, மில்லுக்குப் போய்விடுவேன். நாள் செல்லச் செல்லத் தங்கச்சி அழுவதையே விட்டுவிட்டாள். முகம் கல்லாகிவிட்டது. பால் கட்டிக் காய்ச்சல் வந்தபோதும் வாய் திறந்து முனகவில்லை, உம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழித்துக் குளித்த மறுநாள், வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாள். இஞ்சினை உடனே நிறுத்தினேன். அந்த நாளிலிருந்து அவள் வாய் அசைந்தாலே நிறுத்திவிடுவேன். காற்றாடி எங்கே என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை நினைக்காதே தங்கச்சி, கண்காணாத இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"போட வேணாம் காக்கா. திரும்பப் பூட்டித் தாங்க. நான் உம்மாவுக்குக் கேக்காம அழ வேணும்."

அன்றைக்கே பூட்டினேன். வலையைக் கழற்றிவிட்டுத்தான் பூட்டினேன். சுவிச்சை உள்ளே, அவள் பாயில் கிடந்தபடி எட்டித் தொடுகிற இடத்தில் வைத்தேன். வளைந்த இதழைத் தொடவில்லை. வெக்கையாக இருக்கிறதாம் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

கச்சான் ஓய்ந்தது. மாரி வந்தது. வளவெல்லாம் தண்ணீர் நின்று, மனிசர் போர்வையை விட்டு வெளியே வராத குளிர். இஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் அந்த அறையின் யன்னலில் காற்றாடி கிறுகிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிரில் எதற்கு என்று உம்மா ஒரு நாளும் கேட்கவில்லை.